வெள்ளிக்கிழமை மாவிளக்கு

"அய்யோ... எழுந்திரிங்களேன்!"

சிந்தாமணியின் அலறலில் பெரம்பலூர் ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது.

1983, ஆடி மாதம். இரும்புக் கட்டிலில் அவள் புருஷன் தங்கராசு பிணமாகக் கிடந்தான். போர்வையெல்லாம் ரத்தம்.

குத்து இல்லை. வெட்டு இல்லை. குடல் உள்ளேயே கிழிந்து செத்திருக்கிறான்.

"மாத்திரைய ஏம்மா நிறுத்துனீங்க?" டாக்டர் சீறினார்.

"கொடல் புண்ணு ஆறிடுச்சு, இனி மாத்திரை வேண்டாம்னு நீங்கதானே சொல்லிவிட்டீங்க?"

"நானா?"

டாக்டரின் முகம் மாறியது.

"ரத்தம் நின்னா புண்ணு ஆறிடுச்சுன்னு அர்த்தமில்லம்மா. குழாய் விட்டு, சதைத் துணுக்கு எடுத்து, திருச்சிக்கு அனுப்பிப் பார்த்தேன். உள்ள இன்னும் அடங்கல. மாத்திரைய விட்டா நாலஞ்சு மாசத்துல திரும்பி வரும், உயிருக்கே ஆபத்துன்னு ஒங்க கொழுந்தன்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே..."

சிந்தாமணிக்கு எல்லாம் விளங்கியது.

கொழுந்தன் அரியமுத்து! ரிசல்ட் கேட்கப் போனவன் அவன்தான். 'சுத்தமா கொணமாம் அண்ணி, நேர்ந்துக்கிட்டத முடிச்சிடுங்க' என்று சிரித்துக்கொண்டே வந்தவனும் அவன்தான்.

திங்களும் வெள்ளியும் மட்டுமே நடை திறக்கும் சிறுவாச்சூர் காளி கோயில். மாசி மாதமே அங்கே போய், அங்கேயே மாவு இடித்து, மாவிளக்குப் போட்டாள். அதற்கப்புறமும் மாத்திரை தின்றால் அம்மனை நம்பாத மாதிரி என்று தங்கராசு டப்பாவைக் குளத்தில் வீசினான். அவன் அப்படித்தான் செய்வான் என்று கூடப்பிறந்தவனுக்குத் தெரியாதா?

பாவி நான், எமனுக்கு விளக்குப் பிடித்தேனே...

வராந்தாவில் நின்ற இன்ஸ்பெக்டர் உத்திராபதியிடம் ஓடினாள்.

"சார், சுண்ணாம்புக்கல் குவாரிக்குக் கூட்டு நெலத்த விக்க இவுரு ஒத்துக்கல. அதான் தம்பிக்காரன் கொன்னுட்டான்."

எல்லாவற்றையும் கேட்டார் உத்திராபதி.

"நம்புறேம்மா. ஆனா, மாவிளக்கு போடச் சொன்னவன எந்த செக்‌ஷன்ல புடிக்கிறது? டாக்டர் சொன்னது வெளங்கலைம்பான். கோர்ட்டுல நிக்காது."

தொப்பியை மாட்டிக்கொண்டு போயே விட்டார்.

அவ்வளவுதான். புருஷனும் போனான். இனி நிலமும் போகும்.

கக்கூஸ் பக்கமிருந்து அரியமுத்து வந்தான். காலையிலிருந்து அங்கேதான் போவதும் வருவதுமாக இருக்கிறான். முகம் வெளுத்திருந்தது. வேட்டியில் சிவப்பாக...

"அண்ணி... எனக்கும் அண்ணனாட்டமே ரத்தமா போவுது. கூடப்பொறந்தவனுக்கும் வரலாம்னு டாக்டர் அன்னைக்கே சொன்னாரு. இப்ப அவரு மூஞ்சில எப்படி முழிக்கிறது? அந்த மாத்திரை வூட்ல மிச்சம் கெடக்கா?"

சிந்தாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மாத்திரை எதுக்கு தம்பி? நாளைக்கு வெள்ளிக்கிழமை, நடை தொறந்திருக்கும்... மாவு நானே இடிச்சுத் தரேன்!"