இருபது விநாடியில் ஒரு கடை

அம்மாவின் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை பெரிய தெருவிலிருந்து பின்சந்துக்கு மாறியது. கடை எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. ஈ ஓட்ட வேண்டியதாகிவிட்டது. இப்படியே போனால் கடையை மூடிவிட்டு, வெளியூர்த் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போக வேண்டியதுதான் என்றார் அம்மா. வாரத்துக்கு ஒருநாள்தான் வீட்டுக்கு வருவாராம். அதைக் கேட்டதிலிருந்து மகள் கேள்விக்குறிக்குச் சாப்பாடே இறங்கவில்லை. ஓயாமல் கேள்வி கேட்டதற்காக வகுப்பில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் அது.

கடைசி முயற்சியாக ஒரு வானொலி விளம்பரம் கொடுக்க அம்மாவும் மகளும் நிலையத்துக்குப் போனார்கள்.

ஒலிப்பதிவு அறையின் சுவரெல்லாம் மெத்தை.

"சுவரு தூங்குமா அக்கா?"

ஒலிப்பதிவு செய்யும் அக்கா சிரித்தார். "சத்தம் எதிரொலிக்காம இருக்கத்தான். உங்களுக்கு இருபது விநாடி. அது முடிஞ்சதும் அடுத்தவங்க விளம்பரம் வந்திடும். ஒரு விநாடிகூட கூடக் கூடாது."

அம்மா எழுதி வந்த தாளில் டயர், பிரேக், செயின், பெடல், கதவு எண், பத்து இலக்கத் தொலைபேசி எண் எல்லாம் இருந்தன. அறிவிப்பாளர் அண்ணன் மூச்சுவிடாமல் படித்தார். முப்பத்தாறு விநாடி! இன்னும் வேகமாகப் படித்தார். முப்பத்தொன்று. பாவம், முகம் சிவந்ததுதான் மிச்சம்.

"இது எப்போ வரும் அக்கா?"

"காலையில எட்டு மணிக்கு, ரெண்டு பாட்டுக்கு நடுவுல. எல்லாரும் வேலைக்குப் போயிட்டிருப்பாங்க. அப்பதான் நிறைய பேர் கேப்பாங்க."

"போயிட்டிருக்கவங்க எப்படி நம்பர எழுதிக்குவாங்க? அண்ணா, தாளைப் பாக்காம சொல்லுங்க, எங்க நம்பர் என்ன?"

இரண்டு முறை படித்தவர் திருதிருவென்று விழித்தார்.

"நம்பர் இல்லாம கடைய எப்படிடி கண்டுபிடிப்பாங்க?" என்றார் அம்மா எரிச்சலாக.

"தபால் நிலையம் எல்லாருக்கும் தெரியும்லம்மா? அதுக்குப் பின்னால மஞ்சக் கதவு நம்மளுது மட்டுந்தானே?"

அம்மா மனசே இல்லாமல் பேனாவை எடுத்தார். டயர் போனது, செயின் போனது, எண்ணும் போனது.

"சைக்கிள் மக்கர் பண்ணுதா? தபால் நிலையத்துக்குப் பின்னால வாங்க. மஞ்சக் கதவு!"

நிதானமாக இரண்டு முறை சொல்லியும் பத்தொன்பது விநாடிதான் ஆனது.

விளம்பரம் வந்த மூன்றாம் நாள், பள்ளி விட்டு வந்தவளால் கடையை நெருங்கவே முடியவில்லை. ஏழு சைக்கிள்கள் பின்சந்தை அடைத்துக்கொண்டு நின்றன.

"அடடா, கொஞ்சம் பொறுங்க! எனக்கு ரெண்டு கைதான் இருக்கு!" என்று உள்ளே அம்மா சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்கக் கேள்விக்குறிக்கு இனித்தது. இந்த அம்மா இனி எந்த ஊருக்கும் போகமாட்டார்.