பழிக்கு ஒரு டிரைவர்

தெருக்கூட்டும் அம்மாள் செத்துக் கிடந்தாள்.

கையில் துடைப்பம். பாதித் தெருவைப் பெருக்கியிருந்தாள். மீதியை, அவள் மீது ஏறிய கார் நாறடித்துவிட்டுப் போயிருந்தது.

காலை மணி ஏழு பத்து!

எட்டு மணிக்கு அந்தக் கார் ஒரு பங்களா வாசலில் நின்றது. பம்பரில் ரத்தம்... பின் கண்ணாடியில் 'குடித்துவிட்டு ஓட்டாதீர்' ஸ்டிக்கர்!

ஒட்டியவர் முதலாளி. சாலைப் பாதுகாப்புக் குழுத் தலைவர். விடிய விடியக் குடித்துவிட்டு ஓட்டி வந்த மகானும் அவரே.

சோபாவில் சாய்ந்து ஏப்பம் விட்டார். அறை முழுக்கப் புளித்த வாடை.

"வக்கீல் சார், எத்தனை வருஷம் போடுவாங்க?"

"போதையில ஆளைக் கொன்னா பத்து வருஷம்கூட ஆகும். போதையில்லாத டிரைவர் கவனக்குறைவா இடிச்சான்னா ரெண்டு."

"அப்போ டிரைவரே இடிச்சிருக்கட்டும்."

டிரைவர் கதவோரம் நின்றான். ஆறு மாதம் முன்பு முதலாளி ஒரு கடைக்குள் காரை விட்டபோதும் பழி இவனுக்குத்தான். குடிக்காதவன் வாயில் பிராந்தியை ஊற்றி ஸ்டேஷனுக்கு அனுப்பினார், அந்த உத்தமர்.

"உன் பொண்ணு படிப்பை நான் பாத்துக்கறேன்டா. ரெண்டு வருஷம் ஓடிப்போயிடும்."

"போன தடவையே அவ ஒரு மாசம் என்கூடப் பேசல முதலாளி. அப்பன் குடிகாரன்னு நம்பிட்டா."

"இந்தத் தடவை கொலைகாரன்தானே. பேசிடுவா."

டிரைவர் வக்கீல் பக்கம் திரும்பினான்.

"எழுதுங்க வக்கீல் சார். நேரத்தை மட்டும் தெளிவா போட்டுடுங்க."

"பழகின ஆளுன்னா பழகின ஆளுதான்!" என்று சிரித்தார் முதலாளி.

வக்கீல் எழுதினார். 'ஏழு பத்து. ஓட்டியது டிரைவர். காரில் நானும் அவனும் மட்டும்.' முதலாளி கீழே சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

ஒன்பது மணி. ஸ்டேஷன். முதலாளி வாயில் மூன்று புதினா மிட்டாய்.

இன்ஸ்பெக்டர் அம்மா காகிதத்தை இரண்டு முறை படித்தார்.

"ஏழு பத்துக்கு இவர்தான் ஓட்டினாரா?"

"சத்தியமா. பின் சீட்ல நான் இருந்தேனே," என்றார் முதலாளி.

"டிரைவர் இன்னும் கையெழுத்துப் போடலையே?"

"இன்னைக்கு ஏற்கெனவே ஒண்ணு போட்டாச்சே மேடம்," என்றான் டிரைவர்.

இன்ஸ்பெக்டர் மேஜையிலிருந்த தடித்த நோட்டைத் திருப்பிக் காட்டினார்.

இன்றைய தேதி. ஏழு பத்து. டிரைவரின் கையெழுத்து!

வக்கீல் நோட்டை இழுத்துப் பார்த்தார்.

அந்தப் பழைய வழக்கில் அபராதம் கட்டின கையோடு முதலாளியும் வக்கீலும் விருந்துக்கு ஓடிவிட்டார்கள். தீர்ப்பின் கடைசி வரியைக் கேட்க டிரைவர் மட்டும் நின்றான். 'ஒரு வருடம், தினமும் காலை ஏழு மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து.'

"அடுத்தவனுக்கு வாங்கிக் கொடுத்த தண்டனை என்னன்னாவது கேட்டிருக்கலாமே சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "கார்ல இருந்தது ரெண்டு பேர். அந்த நேரத்துல ஒருத்தர் இங்க என் முன்னாடி நின்னுட்டிருந்தார். மிச்சம் யாருன்னு நீங்களே எழுதிக் கொடுத்துட்டீங்க."

போதை பார்க்கும் கருவியை நீட்டினார்.

முதலாளி பழக்கதோஷத்தில் டிரைவரைத் திரும்பிப் பார்த்தார்.

"அவரை ஏன் பாக்கறீங்க? இதுக்கெல்லாம் ஆள் வெச்சுக்க முடியாது. நீங்களே ஊதுங்க."