நாற்பத்து மூன்றாம் எண்ணின் மூச்சு

ஏற்றுமதி பனியன்களில் முப்பது வருஷம் குறை கண்டுபிடித்த சபுரா பீவியிடம், ஓய்வுக்குப் பிறகு மனிதர்கள் தங்கள் குறைகளைக் கொண்டுவந்தார்கள். அன்று காலை வந்தவள் ஜோதிகா, மருத்துவக் கல்லூரி இரண்டாமாண்டு மாணவி. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

கோடை விடுமுறையில் மாணவர்களுக்கான ஆராய்ச்சிப் பயிற்சி. பஞ்சுத்தூசியில் வேலை செய்யும் பெண்களின் நுரையீரல் பலத்தை அளப்பதை அவள் எடுத்துக்கொண்டாள். ஒரு பனியன் கம்பெனியில் அறுபது பெண்களைக் கருவியில் ஊதவைத்தாள். எல்லாம் முடிந்த பிறகு, பேராசிரியை இரண்டு தாள்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டார்.

"பதினேழாம் நம்பரும் நாப்பத்திமூணும் ஒரே ஆளோட மூச்சுன்னு சொல்றாங்க. எண்ணிக்கைக்காக ஒருத்தரையே ரெண்டு தடவை ஊதவச்சேனாம். நாளைக்கு விசாரணைங்க. பொய்யா எழுதுனவன்னு பேராயிட்டா, அப்புறம் என்னை யாருங்க டாக்டரா நம்புவாங்க?"

சபுராவுக்கு ஆட்டோ ஓட்டும் அந்தோணிராஜ் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தீர்ப்பை முதலில் சொல்லிவிட்டுச் சாட்சியைப் பிறகு தேடுகிற ரகம். "மேனேஜர் வேலைதான்க்கா. தூசி விஷயம் வெளிய வந்தா அவனுக்குத்தான கேடு."

சபுரா தாள்களின் நகல்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பெயர் கிடையாது, எண், வயது, உயரம், மூச்சின் கோடு, அளந்தவர் கையெழுத்து. வயது ஒன்றில் முப்பத்தொன்று, மற்றதில் நாற்பத்தாறு. உயரம் மட்டும் இரண்டிலும் நூற்று அறுபத்துமூன்று சென்டிமீட்டர். கோடும் ஒரே இடத்தில் நெளிந்தது.

"நாப்பத்திமூணுல இருக்கற கையெழுத்து உன்னோடது இல்லையே கண்ணு?"

பதற்றத்தில் ஜோதிகா கோட்டை மட்டுமே பார்த்திருந்தாள். இப்போது குனிந்து பார்த்தாள். "இது ஆதிப்புங்க, கூடப் படிக்கிறவன். எங்கம்மாவும் அதே கம்பெனிதான். சொந்தக்காரங்களை நாமளே அளக்கக்கூடாதுன்னு அன்னிக்கு அம்மாவை மட்டும் அவனை அளக்கச் சொன்னேன்."

"அம்மா என்ன உயரம்?"

"என் தோளுக்குத்தான் வருவாங்க."

ஜோதிகாவே நூற்று அறுபதைத் தாண்டமாட்டாள்.

சாயங்காலம் மண்ணரைப் பகுதியில் ஜோதிகா குடியிருந்த வரிசை வீட்டுக்கு மூவரும் போனார்கள். ஆதிப்பையும் கருவியோடு வரச்சொல்லியிருந்தார் சபுரா. தெருக்குழாயிலிருந்து ஜோதிகாவின் அம்மா ஒச்சம்மாள் தண்ணீர் எடுத்துவந்தாள். பத்தடிக்கு ஒரு தடவை நின்றாள். பக்கத்து வீட்டு ரோஸ்மேரி நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வெளியே வந்து குடத்தை வாங்கிக்கொண்டாள்.

"ஆதிப்பு, அன்னிக்கு ஒச்சம்மாள்னு வந்து ஊதுனது யாருங்க?"

அவன் ரோஸ்மேரியைக் காட்டினான்.

"பதினேழும் ரோஸ்மேரி, நாப்பத்திமூணும் ரோஸ்மேரி," என்றார் சபுரா. "ஆதிப்புக்கு ரெண்டு பேரையும் தெரியாது. ரோஸ்மேரி கொண்டுவந்த ஒச்சம்மாளோட அட்டையில இருந்த வயசை எழுதிட்டாரு, உயரத்தை அளந்து எழுதிட்டாரு. ஒச்சம்மாளால பத்தடிக்கு மேல கொடத்தைத் தூக்கிட்டு நடக்க முடியல. மூச்சு இல்லைன்னு தெரியுது. ஏன் மறைச்சாங்கங்கறதுதான் எனக்குப் புடிபடல."

ரோஸ்மேரி தலையைக் குனிந்துகொண்டாள். "மிஷின்ல ஒருத்திக்கு முடியலன்னா அடுத்தவ உக்காந்து தைச்சுக் குடுப்போம்லாக்கா. இதையும் அப்படித்தான் நெனச்சேன்."

ஒச்சம்மாள் மகளைப் பார்த்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. "அது உனக்குப் பரிச்சைன்னு நெனச்சுப்புட்டேன் தாயி. எம்மூச்சு கொறைஞ்சா உனக்கு மார்க்கு கொறையும்ல. அதேன், நல்லா ஊதுறவளை அனுப்பிவிட்டேன்."

அந்தோணிராஜ் ரோஸ்மேரி கையிலிருந்த குடத்தை வாங்கி உள்ளே வைத்தார்.

நாளை விசாரணையில் நடந்ததைச் சொல்வதாக ரோஸ்மேரி சொன்னாள். ஜோதிகாவின் பேர் தப்பிவிட்டது. ஆனால் அவள் அம்மாவின் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தாள். எந்த மூச்சைத் தேடி அறுபது பேரை ஊதவைத்தாளோ, அது தினமும் அவளுக்குச் சோறு போட்டு, பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருக்கிறது.

ஆதிப் கருவியை நீட்டினான். ஒச்சம்மாள் ஊதினாள், இருமினாள், மறுபடி ஊதினாள். மூன்றாவது தடவை முடிந்ததும் அவன் திரையை ஜோதிகா பக்கம் திருப்பினான். இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை.

"இது பத்துமா தாயி?" ஒச்சம்மாள் வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "பாஸாயிருவியா?"

ஜோதிகா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"பத்தும்மா," என்றாள். "பாஸாயிருவேன்."