நாற்பது சென்டிமீட்டரில் ஒருவர்

மேலாளர் வீட்டுக்குள் நுழைந்ததும் அவளுக்கு முதலில் தட்டுப்பட்டது ஈரத்துணி வாடை. பட்டப்பகலில் திரைச்சீலைகளை இழுத்து மூடியிருந்தார்கள். கூடத்தின் நடுவே ஒரே ஒரு நாற்காலி. அதில் மேலாளர், அரசவையில் வீற்றிருப்பதாக நினைப்பு. காலடியில் அவர் பொழுதுபோக்காகச் செய்த ரோபோ, சக்கரம் முளைத்த சாப்பாட்டு டப்பா.

"உங்க வீட்ல நீதான் முதல் பட்டதாரியாமே? வயரத் தொடத் தெரியுமா, இல்ல பரீட்சை எழுத மட்டும்தானா?"

தெரியாதவளை விடுமுறை நாளில் எதற்குக் கூப்பிட்டாராம்? பல்லைக் கடித்துக்கொண்டாள். அவளுடைய பயிற்சிக்காலம் முடியப்போகிறது. வேலை நிரந்தரமாக இந்த ஆளின் கையெழுத்து வேண்டும். சாயங்காலம் அவருடைய ரோபோ சங்கத்து நண்பர்கள் வருவதற்குள் அந்த டப்பா கூடத்தை நிற்காமல் கடக்கவேண்டும். கடந்தால் கையெழுத்து.

கடக்கவில்லை. நாற்காலியருகே வந்ததும் நின்றது.

அதன் நெற்றியில் இருந்த சென்சர் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரம் சொல்லும். சுவர் மூன்று மீட்டர் தள்ளி இருந்தது. மடிக்கணினித் திரையோ நாற்பது சென்டிமீட்டர் என்றது. நடுவில் ஒன்றுமே இல்லை.

"சிக்னல்ல இரைச்சல், சென்சர் உளறுது. மட்டமான சரக்கு" என்றார், விலை பேசி வாங்கியது தாமல்ல என்பது போல.

மோட்டார் மின்சாரத்தைக் குழப்புகிறதோ என்று அதைத் துண்டித்தாள். நாற்பது. ஆடிய வயரை மறுபடி பற்றவைத்தாள். நாற்பது. தன் பையிலிருந்த சொந்த சென்சரையே மாட்டிப் பார்த்தாள்.

நாற்பது.

போன் அடிக்க, அவர் பேசிக்கொண்டே மாடிக்குப் போனார். திரையில் எண் ஏறத் தொடங்கியது. அறுபது. நூறு. நூற்றைம்பது. பிறகு சுவர்.

இரைச்சலென்றால் எண் தாறுமாறாகத் துள்ளும்.

இது ஆள் போல நடந்து போனது.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். எண்ணும் இறங்கி வந்து, அவர் வலது கைப்பக்கமாக நின்றது.

"சார்..." அவள் குரல் தானாகத் தணிந்தது. "இந்த நாற்காலி பக்கத்துல யாராவது நிப்பாங்களா?"

"யாரு நிப்பா? என் வைஃப் நிப்பா, நான் சாப்பிட்டு முடிக்கற வரைக்கும். தட்ட வாங்கணும்ல? அவ போய்ச் சேர்ந்து வருஷமாச்சு."

"உட்கார மாட்டாங்களா?"

"எதுக்கு?"

நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"தள்ளும்மா. பொருந்தாத எண்ணு வந்தா தூக்கிப் போட்டுட்டு, பழைய எண்ணையே வெச்சுக்கோன்னு நாலு வரி எழுதினா முடிஞ்சது. இது கூடத் தெரியாம என்ன படிப்போ!" தட்டச்சு செய்தார்.

ரோபோ ஓடியது. நாற்காலியருகே எதிலோ முட்டித் திணறியது. சக்கரங்கள் உறுமின. ஏறி இறங்குவது போல ஆடிவிட்டு, சுவரைத் தொட்டது.

அவர் கைதட்டினார்.

அவள் ரோபோவைப் புரட்டினாள். சக்கரத்து அச்சில் நீளமான நரைமுடி சுற்றியிருந்தது.

ஈரமாக.

மேலாளர் வழுக்கை. அவளுக்கோ கழுத்தோடு வெட்டிய கருமுடி.

"குப்பைய எடுத்துட்டு இப்படியே விட்டுடு. கையெழுத்துப் போட்டுடறேன்."

அவள் அவர் எழுதிய வரிகளை அழித்தாள். தன் சென்சரைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"சென்சர்ல கோளாறு இல்ல சார். அவங்க இருக்காங்கன்னு இந்த வீட்ல ஒத்துக்கிட்டது அது ஒண்ணுதான்."

"வேலை வேணாமா உனக்கு?"

"நீங்களே வெச்சுக்கோங்க."

வீட்டுக்கு வந்தும் கோபமும் பயமும் அடங்கவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, சென்சர் பழுதாகிவிட்டதோ என்று பக்கவாட்டில் திருப்பி வைத்து மடிக்கணினியில் மாட்டினாள்.

நாற்பது.

மெல்லத் திரும்பினாள்.

அம்மா நின்றிருந்தாள், கையில் தட்டோடு.

"பேயறைஞ்ச மாதிரி பாக்காதடி. சாப்பிடு."

மேலாளரை மனதுக்குள் அத்தனை திட்டு திட்டிக்கொண்டு வந்தவளுக்கு முகம் எரிந்தது. கல்லூரிக்குப் போன நாளெல்லாம் அம்மா இப்படித்தான் நின்றாள். பட்டதாரி ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

"உட்காரும்மா."

"நீ முதல்ல சாப்பிடு."

"உட்காருன்னா உட்காரேன்!" கையைப் பிடித்து இழுத்து எதிர்ப்பக்க நாற்காலியில் உட்காரவைத்தாள். இப்போது சென்சர் பார்த்த பக்கத்தில் யாருமில்லை.

திரையைப் பார்த்தாள்.

நாற்பது.

எழுந்து சுவரோரம் இருந்த பழைய மர நாற்காலியை இழுத்து வந்து திரை காட்டிய இடத்துக்குப் பின்னால் போட்டாள்.

"யாருக்குடி?" என்றாள் அம்மா.

ஈரத்துணி வாடை மெல்லப் பரவியது. காலி நாற்காலி, ஆள் உட்காரும்போது மட்டும் முனகும் அந்த முனகலை முனகியது.