நாலும் கூண்டுக்குள்தான்

பகல் பதினொரு மணிக்குக் கோழி கொக்கரித்தது. முட்டையிட்டால் ஊரைக் கூட்டத்தானே செய்யும், இதிலென்ன என்று கேட்கலாம். ஆனால் தையல்காரியின் நாலு பெட்டைகளும் போர்வையும் அதன்மேல் சாக்கும் போட்டு மூடிய கூண்டுக்குள் கிடந்தன. இருட்டடித்துவிட்டால் கோழிக்கு அது ராத்திரி, வாயைத் திறக்காது. மூன்று நாளாக இந்த வித்தையில்தான் அவள் பிழைப்பு ஓடியது.

கை நீட்டினால் தொடும் தூரத்தில் பக்கத்து வீடு. அங்கே தனியாக இருக்கும் நர்ஸக்கா ராத்திரி வேலை முடிந்து வந்து, ஜன்னலில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு பகலில் தூங்குகிறவள். கோழிச் சத்தத்தில் தூக்கம் கெடுகிறதென்று அவள் புகார் சொல்லிச் சொல்லி வீட்டுக்காரரும் காலையில் கறாராய்ச் சொல்லிவிட்டார். "இன்னிக்கு நானே வந்து வாசல்ல நிப்பேன்மா. ஒரு சத்தம் கேட்டாலும் சாயங்காலமே காலி பண்ணிடணும்."

பள்ளிக்கூடம் போகிற பிள்ளையையும் தையல் மிஷினையும் இழுத்துக்கொண்டு எங்கே போவாள்? கோழியைத் தொலைத்துவிடலாம்தான். நோஞ்சான் பிள்ளைக்கு உடம்பில் ஒட்டுவது அந்த முட்டை ஒன்றுதான்.

மறுபடியும் கொக்கரிப்பு. அவள் பாய்ந்துபோய்ச் சாக்கைத் தூக்கினாள். ஈர எச்சமும் சூடான இறகுமாய்க் கலந்த வாடை முகத்தில் அடித்தது. நாலும் கழுத்தை உள்ளிழுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம்.

"அடிப்பாவி! என்னை மாட்டிவிட நீயே கோழி வாங்கிட்டியா?"

பின்பக்கமாய் ஓடினாள். பக்கத்து வீட்டுப் பின்கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளியதும் கோபமெல்லாம் அழுகையாகிவிட்டது.

"அக்கா... உங்க கால்ல விழறேங்க்கா. இன்னிக்கு ஒருநாள் மட்டும் சத்தம் வேண்டாம். எனக்குப் போக்கிடம் இல்லக்கா."

அறைக்குள் கும்மிருட்டு, மருந்து வாடை, அதற்கடியில் சற்றுமுன் சாக்கைத் தூக்கியபோது வந்த அதே வாடை. எங்கோ உயரத்தில் யாரோ மூச்சு விட்டார்கள். அவள் தடவிக்கொண்டே போய் ஜன்னல் துணியின் முனையை இழுத்தாள்.

வெளிச்சம் விழுந்தது.

கட்டில் காலி. தலைமாட்டுக் கம்பியின்மேல், வெள்ளைச் சீருடையோடு, முழங்கால் மடக்கி, நர்ஸக்கா. கால்விரல்கள் கம்பியைச் சுற்றிப் பிடித்திருந்தன.

கண் திறந்தது. மேலிமை அசையவில்லை. கீழிமை இறங்கியது.

கழுத்தைச் சாய்த்தாள். ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

கொக்கரிப்பு தெருவரை போயிற்று.

"கேட்டாச்சும்மா!" வாசலிலிருந்து வீட்டுக்காரரின் குரல். "இனி ஒரு பேச்சும் வேண்டாம். சாயங்காலம் காலி பண்ணு!"

தையல்காரி ஜன்னல் துணியை விடாமல் பிடித்திருந்தாள்.

நர்ஸக்கா அவளையே பார்த்தாள். பிறகு, விரல்களைக் கொஞ்சங்கொஞ்சமாய் நகர்த்தி, கம்பியின் ஓரத்துக்கு ஒதுங்கி, ஓர் ஆள் உட்கார இடம் விட்டாள்.