தட்டு நிரம்பட்டும்

போன வாரம் நாகவேணி குப்பியின்மேல் பேனாவால் போட்ட கோட்டைத் தாண்டி சீரம் ஏறியிருந்தது. எடுக்க எடுக்கக் குறைய வேண்டியது, ஒரு நெல்லளவு கூடியிருக்கிறது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிற ஆய்வகம் அது; அங்கே எதுவும் தானாகப் பெருகியதில்லை. குப்பியில் இருப்பது ஜலஜாவின் ரத்தத்திலிருந்து பிரித்தது. பாக்குத் தோட்டத்தில் வேலை பார்த்தவள், ஆறு வருஷத்துக்கு முன் குரங்குக் காய்ச்சலில் செத்துப்போனாள். அந்தக் காய்ச்சல் புதிதாகத் தொற்றியவர்களின் சீரத்தை விட்டால், சோதனைத் தட்டின் சிறு குழி மஞ்சளாகும். முதல் குழியில் ஜலஜாவின் சீரத்தை விட்டு, அது மஞ்சளானால்தான் மற்றக் குழிகளை நம்புவார்கள். சாகரா மலைப்பக்கத்தில் ஒவ்வொரு பருவமும் அப்படித்தான்.

அன்றைக்கும் இன்றைப்போல ஒரு சனிக்கிழமை. இதே ஜன்னலில், கொதிக்கிற உடம்போடு நின்றாள் ஜலஜா.

"அக்கா, இன்னைக்கே பாத்துச் சொல்லிடுங்களேன். வீட்ல கைப்புள்ள இருக்கு."

"உன் ஒருத்திக்காகப் புதுத் தட்டைப் பிரிக்க முடியுமா? இன்னும் பத்துப் பேர் ரத்தம் சேரட்டும், தட்டு நிரம்பட்டும். திங்கக்கிழமை வா" என்றாள் நாகவேணி, தலைகூட நிமிராமல்.

ஞாயிற்றுக்கிழமையே ஜலஜா போய்விட்டாள்.

இன்று நாகவேணி இரண்டே குழிக்காகப் புதுத் தட்டைப் பிரித்தாள். முதலில் ஜலஜா. அடுத்தது நாகவேணியின் ஏழு வயது மகள் ஸ்பூர்த்தி, ஐந்து நாளாகக் காய்ச்சலில் கிடக்கிறாள். ஊருக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயம். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் கை நிற்கவில்லை.

வெளியே பங்குனி வெயில் சுட்டது. உள்ளே குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருக்க, ஸ்பிரிட் நெடிக்கு அடியில் எங்கிருந்தோ பாக்கு வேகிற துவர்ப்பு வாசனை மெல்ல மெல்லக் கிளம்பி, அவள் முந்தானையிலும் விரல்களிலும் வந்து ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் எங்கும் பாக்கு அவிக்கும் வீடு கிடையாது. உறைபெட்டியில் கிடந்த குப்பி கையில் வெதுவெதுவென்றிருந்தது. உடம்புச் சூடு.

நிறமூட்டும் மருந்தின் கடைசித் துளியையும் விட்டு, நிறம் மாறக் காத்திருந்தபோது கணவன் பிரபாகர் வீட்டிலிருந்து போனில் அழைத்தான்.

"வேணி, நீ அனுப்பின அந்தம்மா வந்துட்டாங்க."

"நான் யாரையும் அனுப்பலையே!"

"ஆஸ்பத்திரிலேருந்துதான்னு சொல்றாங்க. ஸ்பூர்த்தி பக்கத்துல உக்காந்து நெத்தியைத் தடவிக்கிட்டிருக்காங்க. கையெல்லாம் பாக்குக் கறை."

"ஏங்க, புள்ளையைத் தூக்கிக்கிட்டு வெளிய வாங்க. இப்பவே!"

"இப்பத்தானே தூங்குறா... இரு, ஏதோ சொல்றாங்க." போனுக்குள் தணிந்த ஒரு குரல். பிறகு பிரபாகர் லேசாகச் சிரித்தான். "தட்டு நிரம்பட்டுமாம். அப்புறம்தான் எந்திரிப்பாங்களாம். என்ன தட்டு வேணி?"

அவள் திரும்பிப் பார்த்தாள்.

முதல் குழி வெறும் தண்ணீராய்த் தெளிந்திருந்தது.

இரண்டாவது மஞ்சள்.

கோட்டைத் தாண்டி நிறைந்திருந்த குப்பியில் இப்போது ஒரு சொட்டு இல்லை.

மூன்றாவது குழி. அதில் அவள் எதுவும் விடவில்லை. அடியிலிருந்து மஞ்சளாக ஊறியது. நான்காவது. ஐந்தாவது.

தட்டு நிரம்பிக்கொண்டிருந்தது.