எட்டுக்குப் பதில் மூன்று

தண்ணீர் ஃபில்டரைச் சரிபார்க்க வந்த ஆள் நம்பரைக் கேட்கவே இல்லை.

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, கனத்த பையைத் தொடையில் முட்டக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போன பிறகுதான் அது அவளுக்கு உறைத்தது. இதற்கு முன் வந்தவர்கள் எல்லாம் வாசலிலேயே நின்று, "மேடம், புக் பண்ண நம்பரைச் சொல்லுங்க" என்பார்கள். அவளும் இமைக்காமல் ஒரு பொய் நம்பரைச் சொல்வாள். அதைத் தங்கள் போனில் ஒத்துப் பார்த்த பிறகே உள்ளே கால் வைப்பார்கள். இவன் தலையை ஆட்டிவிட்டு நேரே உள்ளே போய்விட்டான்.

அவசரக்காரன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவள் கூடத்து மேஜையில் விரித்திருந்த வெள்ளைக் கோட்டைத் தொடர்ந்து இஸ்திரி போட்டாள். அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். அன்று வார விடுமுறை. மணி மூன்று. கணவன் வேலையிலிருந்து திரும்ப ஆறாகும்.

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் 'பூட்டு' என்று பட்டப்பெயர். நான்கு வருடங்களுக்கு முன் ஒரு செருப்புக் கடையில் பரிசுக் கூப்பனை நிரப்பிப் போட்டாள். பரிசு வரவில்லை, போன்தான் வந்தது. மனை வேண்டுமா, கார் வேண்டுமா, காப்பீடு வேண்டுமா என்று குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் நோயாளியின் உடைந்த காலைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதும் அடித்தது. தொந்தரவு வேண்டாம் என்று பதிவு செய்தாள், ஒவ்வொன்றாகத் தடுத்தாள், கடைசியில் சிம்மையே மாற்றினாள். சூடு கண்ட பூனையாயிற்றே. புது நம்பர் ஐந்து பேருக்கு மட்டும்தான் தெரியும். கடையிலோ ஏதாவது படிவத்திலோ யார் கேட்டாலும் கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றிச் சொல்வாள். எட்டுக்குப் பதில் மூன்று. "அக்கா, அந்த மூணு யாரோடதோ, பாவம்" என்று கூட வேலை செய்யும் நர்ஸ் ஒருமுறை சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. திருகைத் தளர்த்தும் சத்தமோ மூடியைக் கழற்றும் சத்தமோ கேட்கவில்லை. தண்ணீர் ஒரே சீராகத் தொட்டியில் விழாமல், எதன் மேலோ பட்டுச் சிதறி, நின்று, மறுபடி சிதறி, யாரோ கையை நகக்கண் வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவுவது போல நெடுநேரம் கேட்டது. இஸ்திரிப் பெட்டியின் சூட்டு வாடைக்கு நடுவே வேறொரு வாடையும் வந்தது. துருப்பிடித்த இரும்பு நனைந்த வாடை என்று முதலில் நினைத்தாள். பிறகு, விபத்தில் அடிபட்டவர்களைத் தள்ளுவண்டியில் கொண்டுவரும் நடைவழி ஏனோ நினைவுக்கு வந்தது.

அவன் போட்டிருந்த நீலச் சட்டையும் இப்போது நினைவுக்கு வந்தது. கம்பெனிச் சட்டைதான். ஆனால் தோள் பிதுங்கியது. பொத்தான்கள் ஒன்றுக்கொன்று இழுபட்டிருந்தன. காலருக்குப் பின்னால் ஒரு ஈரம்.

"என்னங்க, ஏதாவது மாத்தணுமா?" என்று குரல் கொடுத்தாள்.

"மாத்திரலாம் மேடம். எல்லாத்தையும் மாத்திரலாம்."

குழாய் நின்றது.

மேஜை மேல் கிடந்த போன் அடித்தது. பெயர் இல்லாத அழைப்பு. கை பழக்கத்தில் துண்டிக்கப் போய், அப்படியே நின்றது. திரையில் இருந்த எண்ணை அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். நான்கு வருடமாக அவள் நாக்கு சொல்லிச் சொல்லித் தேய்ந்த எண். கண் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

கடைசியில் மூன்று.

பச்சைப் பொத்தானை ஏன் தொட்டாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. காதில் வைத்தாள். மூச்சு கேட்டது. அதே மூச்சு சமையலறையிலும் கேட்டது.

"எடுத்துட்டீங்களா மேடம்?" இரண்டு பக்கமிருந்தும் ஒரே குரல். "உங்களுக்கு வந்த போன் எல்லாத்தையும் நான்தான் எடுத்தேன். இதை ஒண்ணையாவது நீங்க எடுங்க."

அவள் வாசலைப் பார்த்தாள். தாழ்ப்பாள் போட்டிருந்தது. அவள் போடவில்லை; உள்ளே வந்தபோதே அவன் போட்டிருக்க வேண்டும். பூட்டில் சாவி இல்லை.

அவன் சமையலறை வாசலில் வந்து நின்றான். நாற்பது வயதிருக்கும். அழுது ஓய்ந்தவனைப் போல முகம் அமைதியாக இருந்தது. ஒரு கையில் போன். இன்னொரு கையில் பைப் திருகும் பெரிய ரெஞ்ச். அதை நன்றாகக் கழுவியிருந்தான். ரெஞ்சின் பல்லிடுக்கில் மட்டும் நாலைந்து மயிர் ஒட்டியிருந்தது.

"இந்தச் சட்டைக்காரரு..." என்று தொடங்கினாள்.

"கீழ மீட்டர் ரூம்ல இருக்காரு. எத்தனை மணிக்கு வராருன்னு மெசேஜ் எனக்குத்தானே வந்துச்சு? உங்க விலாசம், செருப்பு சைஸு, கண்ணாடி பவரு... எல்லாம் எனக்குத்தான் வரும்."

"என் நம்பர் உங்களுக்கு எப்படி..."

"கடைசி நம்பரை மட்டும் மாத்தியிருப்பீங்கன்னு தோணுச்சு. ஒன்பது நம்பர்தானே? ஒவ்வொண்ணா வேற போன்லேர்ந்து அடிச்சேன். எட்டுல நீங்க எடுத்தீங்க. 'என் நம்பர் எப்படிக் கிடைச்சுது'ன்னு கத்துனீங்க. உடனே தெரிஞ்சுபோச்சு."

போன வாரம். ஆமாம். கத்தினாள்.

"மன்னிச்சிருங்க. நீங்க... நம்பரை மாத்தியிருக்கலாமே..."

அவன் முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"எம் பொண்ணுக்கு மனப்பாடமா தெரிஞ்சது இந்த ஒரு நம்பர்தான் மேடம். ஒன்பது வயசு. அம்மா இல்லாத புள்ள. நான் கிரேன் ஓட்டப் போறப்ப வெளிய பூட்டிட்டுத்தான் போவேன். பழைய போன் ஒண்ணு குடுத்திருந்தேன். எதுனாலும் அப்பாவைக் கூப்புடுன்னு." நிறுத்தினான். "அன்னைக்கு உங்க பேரைச் சொல்லி முப்பத்தோரு போன். நான் அவங்க இல்லைன்னா ஒருத்தரும் நம்பல. முப்பத்திரண்டாவதைப் பாக்காமலே கட் பண்ணேன். திரும்ப வந்துச்சு. கட் பண்ணேன். பத்தொன்பது தடவை கட் பண்ணேன். சாயங்காலம் தீயை அணைச்சு, கதவை உடைச்சு எடுத்தாங்க. போனும் காதும் ஒண்ணா உருகி ஒட்டியிருந்துச்சு."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"நான் வேணும்னு செய்யல."

"தெரியும் மேடம்," என்று சொல்லி ரெஞ்சை ஓங்கினான்.

கையைக் குறுக்கே கொடுத்தாள். முன்கை எலும்பு. ஆயிரம் படத்தில் பார்த்த முறிவு. அதன் சத்தத்தை இன்றுதான் கேட்டாள். காய்ந்த குச்சி மாதிரி இல்லை. பச்சைக் கிளை மாதிரி. நாரோடு.

மேஜையோடு விழுந்தாள். அவன் குனிந்தான். வலது கைக்கு இஸ்திரிப் பெட்டி அகப்பட்டது.

முகத்தில் அழுத்தினாள்.

சீறியது. தோல் தட்டோடு வந்தது. அவன் அலறவில்லை. அதுதான் பயங்கரம். ஒரு கையால் அவள் கழுத்தைப் பிடித்தான். இறுக்கினான். கூடம் இருண்டது. மறுபடி அழுத்தினாள். கண்ணில். பிடி தளர்ந்தது. ரெஞ்ச் தரையில் விழுந்தது. எடுத்தாள்.

முதல் அடி பயத்தில். இரண்டாவது வலியில். அதற்கப்புறம் விழுந்தவை எதில் என்று அவளுக்கே தெரியாது. கை நின்றபோது அவன் தலையின் ஒரு பக்கம் இருந்த இடத்தில் இல்லை.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெள்ளைக் கோட்டில் சிவப்பு பொட்டுப் பொட்டாக உதிர்ந்திருந்தது. அவள் சுவரில் சாய்ந்து, தொங்கிய கையை மடியில் கிடத்திக்கொண்டு, அவன் மார்பைப் பார்த்தாள். ஏறவில்லை. இறங்கவில்லை. நாடி பார்க்க விரல்களால் அவன் கழுத்தைத் தொட்டாள். ஒன்றுமில்லை. செத்துவிட்டான். சந்தேகமே இல்லை.

அப்போது அவன் போன் அடித்தது.

ரத்தத்தில் தானாக நகர்ந்து நகர்ந்து அதிர்ந்தது. திரையில் ஒரே வார்த்தை.

பாப்பா.

நின்றது. அடித்தது. நின்றது. அடித்தது. அவள் எண்ணவில்லை. எண்ணாமலே தெரிந்தது. பத்தொன்பதாவது.

விரல் பட்டது.

முதலில் படபடவென்று ஏதோ வெடிக்கும் சத்தம். இருமல். பிறகு மூச்சுத் திணறி, சந்தோஷத்தில் உடைந்த ஒரு சின்னக் குரல்.

"அப்பா! எடுத்துட்டியா!"

அவள் வாயைத் திறந்தாள்.

"அப்பா, கதவு சுடுதுப்பா. தொறக்க முடியல. சீக்கிரம் வாப்பா."

போனின் துளைகளிலிருந்து புகை நூலாக எழுந்தது. கருகிய முடியின் வாடை. அவள் விரல் கொப்புளித்தது. விட முடியவில்லை.

"அப்பா? பேசுப்பா."

தரையில், ரத்தத்தில் கவிழ்ந்து கிடந்த அவன் கை மெல்லப் புரண்டது. உள்ளங்கை மேலே வந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்து, அவளை நோக்கி நீண்டு, போனுக்காகக் காத்து நின்றன.